நாடி சொன்னதும் வாய் சொன்னதும்

சென்ற மூன்று மாதங்களில் நான் படித்த புத்தகங்களில் யாரும் சாகாத புத்தகம் ஒன்றுகூட இல்லை. திட்டம் போட்டுப் பொறுக்கி எடுத்துப் படித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் படிப்பில் ஒழுங்கு என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தால் அது இன்னொரு புத்தகத்தின் வீட்டுக்கு வழி சொல்லும். அங்கே போனால் அது வேறொரு தெருவைக் காட்டும். இந்தத் தடவை எல்லாத் தெருக்களும் ஒரே இடத்தில் போய் முடிந்தன, அவ்வளவுதான்.

முதலில் இரண்டு புதிய தமிழ் நாவல்களைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், எழுதியவர்கள் இளைஞர்கள், இன்னும் நன்றாக எழுதுவார்கள். இரண்டிலும் கதாநாயகனுடைய தாயார் இறந்துபோகிறாள். ஒன்றில் நாற்பதாவது பக்கத்தில், மற்றொன்றில் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில். இரண்டிலும் அவள் இறப்பது மகனுக்குச் சௌகரியமாக இருக்கிறது. அவன் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்பி வர வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கு மரணம் மிகவும் உபகாரமான சாமான். நகராத வண்டி நகர்ந்துவிடும். பாத்திரங்கள் அழுவார்கள், வாசகரும் கொஞ்சம் அழுவார், பாகப் பிரிவினைக்கு வழி பிறக்கும். ஆனால் அந்தத் தாய் எப்படி இறந்தாள், இறக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் யார் சொல்லித் தெரிந்தது என்ற கேள்விகளை இரண்டு நாவலாசிரியர்களும் எழுப்பவேயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் நிற்கிறான், கதவு திறக்கிறது, டாக்டர் தலையை ஆட்டுகிறார். சினிமாவில் பார்த்த தலையாட்டல்தான்.

இதைச் சொல்லி நான் குறைப்பட்டுக்கொண்டபோது என் நண்பர் ஒருவர், வைத்தியத் தொழிலில் இருப்பவர், ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "நாவலை ஒரு மாதம் மூட்டை கட்டி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்" என்றார். அதுல் கவாண்டே எழுதிய 'பீயிங் மார்ட்டல்'. 2014-ல் வெளிவந்தது. ஆசிரியர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர். தாய் தந்தையர் இருவரும் இந்தியாவிலிருந்து போன டாக்டர்கள்.

வைத்தியர்கள் எழுதும் புத்தகம் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஒன்று உபதேசம் செய்வார்கள், அல்லது படிக்கிற வியாதியெல்லாம் நமக்கு இருக்கிறது என்று நினைக்க வைத்துவிடுவார்கள். இந்தப் புத்தகம் அந்த இரண்டு குற்றங்களையும் செய்யவில்லை. கவாண்டே கேட்பது ஒரு சாதாரணக் கேள்வி: மனிதன் சாகத்தான் போகிறான் என்பது வைத்தியக் கல்லூரியில் ஏன் பாடமாக இல்லை? உடம்பைப் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பழுது பார்க்க முடியாத நாள் வரும்போது என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நாளில் டாக்டர் என்ன செய்கிறார்? இன்னொரு மருந்து, இன்னொரு குழாய், இன்னொரு ஆப்பரேஷன். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது.

அவருடைய தாத்தா மகாராஷ்டிரத்தில் ஊட்டி என்ற கிராமத்தில் இருந்தவர். நம் நீலகிரி ஊட்டி அல்ல. நூறு வயதிலும் குதிரையேறித் தம் நிலங்களைச் சுற்றிப் பார்த்தாராம். ஏறக்குறைய நூற்றுப்பத்து வயதில், கோர்ட்டு வேலையாகப் போனவர், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். கடைசிவரை கூட்டுக் குடும்பம். சுற்றிலும் பிள்ளைகளும் பேரன்களும். இதைப் படித்ததும் 'பார்த்தாயா நம் பழைய வாழ்க்கையின் பெருமையை' என்று மீசையை முறுக்கத் தோன்றும். கவாண்டே அப்படி முறுக்க விடவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு இளையவர்கள் தங்கள் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தார்கள் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறார். அந்த வீட்டு மருமகள்களுக்கு இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிளிகள் வரும் இடம். நியூயார்க் மாகாணத்தில் ஒரு சிற்றூர் முதியோர் இல்லத்துக்கு பில் தாமஸ் என்ற இளம் டாக்டர் பொறுப்பேற்கிறார். கிழவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் 1990-களின் தொடக்கத்தில் அந்த இல்லத்துக்குள் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு சிறு கிளிகளையும் கொண்டுவந்து விடுகிறார். கிளிகள் வந்து சேர்ந்துவிட்டன. கூண்டுகள் வந்து சேரவில்லை! ஒரே களேபரம். ஆனால் பேசாமல் கிடந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். படுத்துக் கிடந்தவர்கள் நாயை நடத்திக்கொண்டு போக எழுந்தார்கள். மருந்துச் செலவுகூடக் குறைந்ததாம். இதை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு இடம். இறுதிக் காலச் சிகிச்சையில் தேர்ந்த ஒரு பெண் டாக்டர், ஆபத்தான ஆப்பரேஷனுக்கு முந்தின இரவு தம் தந்தையிடம், எந்த நிலைமைவரை உயிரோடு இருக்கச் சம்மதம் என்று கேட்கிறார். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். தத்துவமாக ஏதாவது சொல்வார் என்று மகள் எதிர்பார்த்திருக்கலாம். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும் டெலிவிஷனில் கால்பந்து பார்க்கவும் முடிந்தால் போதும், எவ்வளவு வலியையும் பொறுத்துக்கொள்வேன் என்றாராம். ஆப்பரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தபோது, அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் மகள் முடிவு செய்தாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் அத்தை ஒருத்தி அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள். எண்பத்தொரு வயது. சென்ற ஐப்பசியில் ஈரலில் கட்டி என்று கண்டு, திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். பதினோராவது நாள் டாக்டர் அத்தானையும் என்னையும் வெளியே அழைத்து, இன்னொரு ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம், செய்தாலும் பெரிய மாறுதல் இராது, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவருக்கு அன்று முப்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாட்ட ஒண்ணும் மூச்சு விடப்படாது மாப்ளே" என்றார். சரி என்று உள்ளே போனோம். அன்று சாயங்காலம் அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, இவுக எல்லாரும் மொகத்தத் திருப்பிக்கிடுதாக. நீயாவது உள்ளதைச் சொல்லு. டாக்டரு என்ன சொல்லுதாரு?"

சொன்னேன். இன்னொரு ஆப்பரேஷன் செய்யலாம் என்கிறார், செய்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொல்கிறார் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பம் இங்கன எதுக்குக் கெடக்கணும்?" என்றாள். அதற்குப் பிறகு, "கொல்லையில முருங்கை ஒடிஞ்சு கெடந்துச்சே, வெட்டிட்டானா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பட்டாசலில் கட்டிலைப் போட்டு, வாசலும் தெருவும் தெரியும்படி தலையணையை வைத்தார்கள். இருபத்திரண்டு நாள் இருந்தாள். கருப்பட்டிக் காப்பி இரண்டு வாய் குடித்தாள். மாட்டைப் பற்றி விசாரித்தாள். தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுப் பழைய கணக்குகளைத் தீர்த்தாள். பணக் கணக்கு மட்டுமல்ல. வலி வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. மார்பின் மாத்திரைக்காக நாங்கள் ஊர் ஊராக அலைந்தது தனிக் கதை. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியை மருத்துவ உபயோகத்துக்காக 2014-ல் தளர்த்தியிருக்கிறார்கள். தளர்ந்த செய்தி மருந்துக் கடைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அத்தை போன பிறகு அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். "நீ சொல்லாம இருந்திருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் தைரியமா இருந்திருப்பா" என்று பதினாறாம் நாள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் இல்லையென்றும் நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்குக் கவாண்டேயின் புத்தகம் வேறு மாதிரிதானே படும்?

கவாண்டே சொல்கிற கேள்விகள் நல்ல கேள்விகள். உங்கள் நிலைமையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது? எதற்குப் பயப்படுகிறீர்கள்? உங்களுக்கு எது முக்கியம்? அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை மாட்டீர்கள்? இதைக் கேட்டுவிட்டு டாக்டர் வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேட்க வேண்டும் என்கிறார். இப்படிப் பேசுவதால் நோயாளி மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவான் என்ற பயத்துக்கு அவரிடம் பதில் இருக்கிறது. பாஸ்டனில் 151 நுரையீரல் புற்று நோயாளிகளைக் கொண்டு செய்து 2010-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை அது. வழக்கமான சிகிச்சையோடு, வலி தணிக்கும் வைத்தியர்களிடமும் ஆரம்பத்திலிருந்தே பேசிவந்தவர்கள், கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அவர்களே அதிக நாள் இருந்தார்கள். நடு அளவாக எடுத்தால் அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அத்தானிடம் இதைச் சொல்லலாம். ஆனால் தாயைப் பறிகொடுத்தவனிடம் பாஸ்டன் கணக்கை எடுத்துக்கொண்டு போகிறவன் மடையன்.

கவாண்டேயின் புத்தகத்தில் எனக்குள்ள குறையும் இதுதான். அதில் வரும் நோயாளிகள் ஒவ்வொருவரும் கையில் ஒரு பாடத்தோடு வருகிறார்கள். பாடத்தைச் சொல்லி முடித்ததும் இறந்துபோகிறார்கள். அவருடைய தகப்பனார் மட்டும் விதிவிலக்கு. அவரும் டாக்டர்; முதுகுத் தண்டுக்குள் கட்டி வந்துவிட்டது. இரண்டு நிபுணர்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் இவருடைய கேள்விகளைக் கண்டு பொறுமை இழக்கிறார். மற்றவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறார். தந்தை இரண்டாமவரையே நம்பி, ஆப்பரேஷனை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். அந்த அத்தியாயங்களில் கவாண்டேயின் கை நடுங்குகிறது, அதனால் எழுத்து நன்றாயிருக்கிறது. கடைசியில் மகன் சாம்பலைக் காசியில் கரைக்கப் போகிறார். சடங்குக்காகக் கங்கா ஜலத்தை உட்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்பது டாக்டருக்குத் தெரியாதா? முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கிறார். அப்படியும் வயிற்றுக் கோளாறு வந்துவிட்டது. மகனாகக் குடித்ததையும் டாக்டராக மாத்திரை போட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு இடத்துக்காகவே அவரை எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்ளலாம்.

கவாண்டே தம் புத்தகத்தை ஆரம்பிப்பதே டால்ஸ்டாயைச் சொல்லித்தான். ஆகவே 'இவான் இலியிச்சின் மரண'த்தை மறுபடியும் எடுத்தேன். 1886-ல் வந்த சிறு நாவல். ஒரே இரவில் படித்துவிடலாம், பிறகு இரண்டு இரவு தூக்கம் வராது. இருபது வயதில் படித்தபோது இது ஒரு வீணான வாழ்க்கையைப் பற்றிய கதை என்று நினைத்தேன். இப்போது படித்தால் இது பொய்யைப் பற்றிய கதை. இவான் இலியிச் ஒரு நீதிபதி. புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறியவர் சறுக்கி, விலாவில் அடிபட்டுக்கொள்கிறார். அற்ப விஷயம். அதுவே வளர்ந்து அவரைக் கொண்டுபோகிறது. டாக்டரிடம் போகிறார். அபாயமா இல்லையா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். டாக்டருக்கோ சிறுநீரகமா குடலா என்பதுதான் வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைத் தாம் எப்படிப் பார்த்துவந்தாரோ, அப்படியே டாக்டர் தம்மைப் பார்க்கிறார் என்று நீதிபதிக்குப் புரிகிறது. இந்த ஒரு உவமைக்குள் கவாண்டேயின் பாதிப் புத்தகம் அடங்கிவிடுகிறது.

வீட்டில் எல்லோரும் அவர் வெறும் நோயாளிதான், சொன்னபடி மருந்து சாப்பிட்டால் எழுந்துவிடுவார் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரியாததுபோல் நடிப்பதில் அவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வலியைவிட இந்தப் பொய்தான் அவரை வதைக்கிறது. வீட்டு வேலைக்காரன் கெராசிம் என்ற குடியானவப் பையன் ஒருவன் மட்டும் பொய் சொல்வதில்லை. அவருடைய மலஜலத்தை எடுத்துக் கொட்டுகிறான். கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். எல்லோருக்கும் ஒருநாள் வரப்போவதுதானே, இதில் சிரமம் என்ன என்பதுபோல இயல்பாகச் செய்கிறான். எனக்கு ஒரு சந்தேகம். கெராசிம் உண்மை பேசுகிறவன்தான். ஆனால் அவன் பிள்ளையல்ல, மனைவியல்ல. உண்மையைச் சொன்னதற்காக அவனை யாரும் பிறகு வெறுக்கப்போவதில்லை. வேலைக்காரனுக்குச் சுலபமாக இருப்பது ரத்த சம்பந்தம் உள்ளவனுக்குச் சுலபமா? டால்ஸ்டாய் அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு வேறு அவசரம் இருந்தது. இவான் இலியிச்சின் ஆத்மாவைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

பால் கலாநிதியின் புத்தகத்தைப் பெயருக்காகவே வாங்கினேன். 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்', 2016. கலாநிதி என்ற பெயர் அமெரிக்கப் புத்தக அட்டையில் இருந்தால் நமக்குக் கண் நிற்கும் அல்லவா? கிறிஸ்தவரான தந்தையும் ஹிந்துவான தாயும் தென்னிந்தியாவை விட்டுப் போய், அரிஜோனாவின் பாலைவனத்துச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளை வளர்த்தார்கள். பையன் முதலில் இலக்கியம் படித்தான், பிறகு வைத்தியம். மூளை அறுவை நிபுணராகும் தறுவாயில், 2013-ல், நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. 2015 மார்ச்சில் இறந்தார். வயது 37. எட்டு மாதக் குழந்தை இருந்தது. புத்தகம் முற்றுப்பெறவில்லை, கடைசிப் பகுதியை மனைவி லூசி எழுதியிருக்கிறார்.

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இறந்துபோனவருடைய முற்றுப்பெறாத புத்தகத்தை அளந்து பார்ப்பது நாகரிகமல்ல. முதல் பாதியில் இலக்கியப் படிப்பின் பாரம் கொஞ்சம் அதிகம், மேற்கோள்கள் முந்திக்கொள்கின்றன. நோய் வந்த பிறகு மேற்கோள்கள் குறைகின்றன. ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. டாக்டராயிருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு நிலைமையை எடுத்துச் சொன்னவர், தாம் நோயாளியானதும் இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கையைக் கேட்கிறார். அவருடைய டாக்டரம்மாள் எண்ணிக்கையைச் சொல்ல மறுத்து, உங்களுக்கு முக்கியமானது எது என்று கண்டுபிடியுங்கள் என்கிறார். எண்ணிக்கை தெரிந்தால் என்ன செய்வதென்று முடிவு செய்யலாம் என்பது நோயாளியின் கட்சி. மூன்று மாதமானால் குடும்பத்தோடு இருப்பேன், ஒரு வருஷமானால் புத்தகம் எழுதுவேன், பத்து வருஷமானால் வைத்தியத்துக்குத் திரும்புவேன் என்கிறார். அந்த அம்மாள் கடைசிவரை எண்ணைச் சொல்லவில்லை. அவர் ஆப்பரேஷன் அறைக்கும் திரும்பினார், புத்தகமும் எழுதினார், குழந்தையும் பெற்றுக்கொண்டார். சொல்லாமலிருப்பதும் ஒரு வைத்தியமாக இருக்கலாம் போலிருக்கிறது! ஆனால் அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. வாய்மூடியிருப்பதற்கும் பொய்க்கும் நடுவே உள்ள தூரத்தை இந்தப் புத்தகத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மூன்றையும் முடித்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் வெகுகாலமாகக் கிடந்த 'ஆரோக்கிய நிகேதன'த்தை இறக்கினேன். வங்காளியில் தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதியது. தமிழில் த. நா. குமாரஸ்வாமி. 1956-ல் மூலத்துக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. தாராசங்கர் பீர்பூம் ஜில்லாக்காரர். அந்தச் செம்மண் கிராமங்களைவிட்டு அவருடைய பேனா அதிக தூரம் போனதில்லை, போக வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

கதை ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியரைப் பற்றியது. பரம்பரைக் கவிராஜர் குடும்பம். நாடி பார்ப்பதில் நிபுணர். விரலை வைத்தால் நோய் தெரியும்; நோய்க்குப் பின்னால் மரணம் வந்து நிற்கிறதா என்பதும் தெரியும்; எப்போது என்பதுகூடத் தெரியும். தெரிந்ததை அவர் சொல்லிவிடுவார். காரியங்களை முடித்துக்கொள், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துக்கொள், கங்கைக் கரைக்குப் போ. அது அவர் வைத்தியத்தின் ஒரு பகுதி. சாகிறவனுக்கு அவர் செய்யும் கடைசி மரியாதை. இந்த ஊருக்குப் பிரத்யோத் என்ற இளம் அலோபதி டாக்டர் வந்து சேருகிறார். பென்ஸிலின் வந்துவிட்ட காலம். நோயாளியிடம் நீ சாகப்போகிறாய் என்று சொல்கிற கிழவரைக் கண்டால் அவருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. கிழவர் கைவிட்ட ஒரு மூதாட்டியைப் பிரத்யோத் பிழைக்க வைத்தும் விடுகிறார்.

இங்கே ஒரு சாமானிய எழுத்தாளர் கட்சி பிரித்துக்கொண்டிருப்பார். பழமை நல்லது, புதுமை கெட்டது, அல்லது மறுதலை. தாராசங்கர் அப்படிச் செய்யவில்லை. புதிய மருந்து உண்மையாகவே உயிரைக் காப்பாற்றுகிறது. ஜீவன் மஷாயே அதை ஒப்புக்கொள்கிறார்; இளமையில் ரங்கலால் என்ற டாக்டரிடம் அவரும் அலோபதி கற்றுக்கொண்டவர்தானே. ஆனால் மருந்து வெல்லாத இடம் ஒன்று எப்போதும் பாக்கியிருக்கிறது. அந்த இடத்தில் நிற்கப் புதிய டாக்டருக்குப் பழக்கமில்லை, கிழவருக்கு அதுதான் பழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாவலில் ஒன்று இருக்கிறது. ஜீவன் மஷாய் தம் ஒரே மகனுடைய நாடியையும் பார்த்தவர். அதில் தெரிந்ததை மறைக்காமல் சொன்னவர். மகன் இறந்தான். மனைவி அவரை மன்னிக்கவேயில்லை. ஆதர் பௌ என்ற அந்தப் பெண்மணி ஏற்கனவே கசந்த மனசுக்காரி. கணவனுடைய மனத்தில் இளமையில் வேறொருத்தி இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளையின் சாவைத் தகப்பனே வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தக் கசப்பு வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. அவர் சொன்னதால் பிள்ளை சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மரணத்துக்கு முகம் கிடையாது. கோபித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டும். அந்த முகம் அவருடையது. எத்தனையோ வீடுகளில் போய்ச் சொன்ன வார்த்தை, சொந்த வீட்டில் சொல்லும்போது என்ன விலை பெறுகிறது என்பதை நாவலாசிரியர் ஒரு வரிகூட உரத்துப் பேசாமல் காட்டிவிடுகிறார். கிழவரும் அதன் பிறகு வைத்தியத்தை நிறுத்திவிடவில்லை. மனைவியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே எழுந்து போய் அடுத்தவன் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்.

கவாண்டேயின் கேள்விகளில் இது இல்லை. டால்ஸ்டாயிடமும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மூன்று புத்தகங்கள் எனக்குச் சொல்லின. சொன்னவனுடைய மீதி வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை இந்த ஒரு நாவல்தான் சொல்லிற்று. நாவலை மூட்டை கட்டி வைக்கச் சொன்ன நண்பரிடம் இதைச் சொன்னேன். "அந்தக் கிழவருக்கு ஸ்கேன் பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மரணத்தைப் பற்றி நாவலுக்குள் ஒரு புராணக் கதை வருகிறது. பிரம்மா தம் உடம்பிலிருந்து மரணத்தைப் பெண்ணாகப் படைக்கிறார். பிங்கலகேசினி, செம்பட்டைக் கூந்தல்காரி. உயிர்களைக் கொல் என்றதும் அவள் அழுகிறாள். அவள் கண்ணீரே நோய்களாகிறது. யார் அழுகையும் கேட்காமலிருக்க அவள் செவிடாகவும், யார் முகமும் தெரியாமலிருக்கக் குருடாகவும் ஆக்கப்படுகிறாள். மகாபாரதத்தில் வேர் உள்ள கதைதான். தாராசங்கர் அதை ஒரு கிராமத்து வைத்தியரின் நம்பிக்கையாக மாற்றி, நாடியின் துடிப்புக்குள் அவளுடைய காலடிச் சத்தமாகக் கேட்க வைத்திருக்கிறார். என்னைப் போன்ற அரைகுறை நம்பிக்கைக்காரனுக்குக்கூட நடுநிசியில் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது தன்னையறியாமல் இடது மணிக்கட்டை வலது கை தேடிப் போகிறது.

குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வங்காளிப் பெயர்களும் உறவு முறைகளும் முதல் ஐம்பது பக்கங்களுக்கு முட்டும். சம்ஸ்கிருதச் சொற்கள் இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். பொறுத்துக்கொண்டு போனால் அந்த நடையே நாவலுக்கு ஏற்றது என்று தெரியும். பழைய மருந்துப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை அதில் இருக்கிறது. இதையே இன்றைய பத்திரிகைத் தமிழில் எழுதியிருந்தால் ஜீவன் மஷாய் ஒரு கம்பெனி மானேஜர் மாதிரி பேசியிருப்பார். கடைசிப் பக்கங்களில் கிழவர் தம் முறை வரும்போது அவளை எப்படி எதிர்கொள்கிறார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதை ஒரு இரண்டாம் வாய் சொல்லிக் கேட்கக்கூடாது.

நம் நாட்டிலும் இந்த விஷயங்கள் பேசப்படாமல் இல்லை. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் ஆரம்பித்த வலி தணிப்புச் சங்கத்திலிருந்து கேரளம் முழுவதும் வீடு தேடிப் போகும் வழக்கம் பரவியது. டாக்டர்களைவிட அக்கம்பக்கத்துத் தொண்டர்கள்தான் அதில் அதிகம். உயிர் காக்கும் கருவிகள் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்குப் போட்ட நடைமுறைகள் யாராலும் நிறைவேற்ற முடியாதபடி இருந்ததால் 2023-ல் அவற்றை எளிதாக்கிற்று. எழுதி வைக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதுவதற்குமுன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டுமே, அதை எந்தக் கோர்ட்டு உத்தரவு போடும்? நம் வீடுகளில் நகையைப் பற்றிப் பேசலாம், நிலத்தைப் பற்றிப் பேசலாம், கருமாதிக்கு எத்தனை படி அரிசி என்றுகூடக் கிழவர் இருக்கும்போதே திண்ணையில் பேசலாம். கிழவரிடம் பேசுவதுதான் வழக்கமில்லை.

மருத்துவ நண்பர் 'ஆரோக்கிய நிகேதன'த்தை எடுத்துப் போய் ஐந்து வாரம் ஆகிறது. நூறு பக்கம் ஆகிவிட்டது என்றும், கிழவரோடு சண்டை போட்டுக்கொண்டே படிப்பதாகவும் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் முடித்தபின் அதை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் நாவல் படிக்கிறவரல்ல. தினத்தாளும் விவசாயப் பத்திரிகையும்தான். நூற்றைம்பதாவது பக்கத்தைத் தாண்டுவாரா என்பது சந்தேகம். தாண்டினால் ஆதர் பௌவின் கட்சியில்தான் சேருவார். சேரட்டும். இதற்கிடையில் சித்தார்த்த முகர்ஜி புற்று நோயின் வரலாற்றை எழுதி 2011-ல் புலிட்சர் பரிசு பெற்ற பெரிய புத்தகம் மேஜைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலையணை கனம். அதைத் தொடுவதற்குமுன் யாரும் சாகாத புத்தகம் ஏதாவது ஒன்று, மாடு வளர்ப்பைப் பற்றியதானாலும் சரி, கிடைத்தால் தேவலை.